பழைய தையலில் தங்கிய கரு

முதல் குழந்தை சிசேரியன், இப்போது மறுபடி நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றால், ஆறாவது வாரத்திலேயே ஒரு உள் ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன், எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடம், "எனக்கு முன்னாடி சிசேரியன் ஆகியிருக்கு. கரு பழைய தையல்கிட்ட இருக்கா, மேலே தள்ளி இருக்கா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். இந்தக் கேள்வியை எனக்காக இன்னொருவர் கேட்டதால்தான் என் கர்ப்பப்பை இன்று என்னிடம் இருக்கிறது.

எனக்கு ஊர் கரூர். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பையன் வயிற்றில் தலை மேலேயும் கால் கீழேயுமாக இருந்ததால், வலி வருவதற்கு முன்பே நாள் குறித்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புண் நன்றாக ஆறியது. அதற்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம்தான்: மாதவிலக்கு முடிந்த பிறகும் சில நாள் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் பட்டுக்கொண்டே இருக்கும். வலி இல்லாததால் அது யாருக்கும் ஒரு விஷயமாகத் தெரியவில்லை. உள்ளே தையல் போட்ட இடத்தில் ஒரு பள்ளம் இருந்தால், அதில் தேங்கும் ரத்தம் இப்படி மெல்லக் கசியும் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சிசேரியனுக்குப் பிறகு உங்களுக்கும் இப்படி இருந்தால், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது முறை கார்டில் இரண்டு கோடு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்து லேசாக ரத்தம் பட்டது. வயிற்று வலி கிடையாது. பக்கத்து மருத்துவமனையில் வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் பார்த்தார்கள். கரு கீழே இறங்கியிருக்கிறது, தானாகக் கலைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது போலத் தெரிகிறது, நாளைக் காலை வெறும் வயிற்றோடு வந்தால் டி அண்ட் சி செய்து, அதாவது கர்ப்பப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டி, சுத்தம் பண்ணிவிடலாம் என்றார்கள். ரத்தம் படுகிறது, கரு தாழ்வாக இருக்கிறது என்றால் பெரும்பாலான பெண்களுக்கு அது கருச்சிதைவாகத்தான் இருக்கும். அதனால்தான் எனக்கு வந்த இந்தப் பிரச்சினை இவ்வளவு சுலபமாகத் தப்பிப் போகிறது.

அன்று ராத்திரி என் சித்தி மகளுக்குப் போன் செய்து அழுதேன். அவள் கோவையில் ஸ்டாஃப் நர்ஸ். சமாதானம் சொல்வாள் என்று நினைத்தால், அவள் குரல் மாறிவிட்டது. "அக்கா, உள் ஸ்கேன் எடுத்தாங்களா? உனக்கு முதல்ல சிசேரியன் தானே? தையல்கிட்ட கரு இல்லைன்னு பார்க்காம டி அண்ட் சிக்குப் படுக்காதே. காலையில முதல் பஸ்ஸுக்கு இங்க வா." ஒரு வருடம் முன்பு அவள் வார்டில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

கோவையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா மூத்திரப்பையை முழுதாகக் காலி செய்யச் சொல்லவில்லை. கொஞ்சம் நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பைக்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் இருக்கும் சுவர் தெளிவாகத் தெரியுமாம். உள் ஸ்கேன் கருவியை வைத்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கருவியால் மெல்ல ஓர் அழுத்து, விடு, மறுபடி ஓர் அழுத்து. "கலைஞ்சு இறங்குற கருவா இருந்தா, அழுத்தினா வழுக்கிக்கிட்டு நகரும். இது நகரலை, பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார். அப்புறம் ஒரு பொத்தானைத் தட்டினார். அந்தச் சின்னக் கறுப்பு வட்டத்தைச் சுற்றி சிவப்பும் நீலமுமாக மினுக்கியது. பழைய தையல் பக்கமிருந்து அதற்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பப்பையின் மேல்பகுதி காலி. கர்ப்பப்பை வாயும் காலி. கரு முன்பக்கம், கீழே, சரியாகச் சிசேரியன் தழும்பில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் இருந்த சதை 2 மில்லிமீட்டர்கூட இல்லை. வட்டத்துக்குள் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் சத்தத்தைப் போட்டுக் காட்டவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

கருக்குழாயில் கரு தங்குவதைப் பற்றி நம் வீடுகளில் ஓரளவு தெரியும். இடம் மாறித் தங்கும் கருக்களில் மிகப் பெரும்பாலானவை குழாயில்தான் தங்கும். தழும்பில் தங்குவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. கர்ப்பப்பையை வெட்டித் தைத்த இடம் சிலருக்கு முழுத் தடிமனோடு சேராமல், உள்பக்கம் ஒரு பள்ளமாக நின்றுவிடுகிறது. கரு மேலே போய்ப் பதியாமல் அந்தப் பள்ளத்தில் பதிந்தால், கீழே அதைத் தாங்கத் தசை கிடையாது, தழும்புதான். நஞ்சுக்கொடியின் வேர்கள் அந்தத் தழும்பைத் துளைத்துக்கொண்டு மூத்திரப்பை வரைக்கும் போகலாம். கரு தானாகப் பிரிந்தாலோ, அதைச் சுரண்டினாலோ அந்த இடத்தில் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும் தசை இல்லாததால் ரத்தம் நிற்காமல் போகும். மருத்துவ இதழில் இது முதன்முதலில் பதிவானது 1978-ல்தான். ஏறக்குறைய 2,000 கர்ப்பத்தில் ஒன்று என்ற அளவில் வருவதாகச் சொல்கிறார்கள். அரிதுதான். ஆனால் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21-ல் இந்தியா முழுவதும் சிசேரியன் 21.5 சதவீதம், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். இத்தனை தழும்புகள் இருக்கும் மாநிலத்தில் இதை அரிது என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நாலைந்து சிசேரியன் ஆனவர்களுக்குத்தான் வரும் என்றும் இல்லை. எனக்கு ஒன்றுதான்.

நேரம் ஏன் முக்கியம் என்று டாக்டர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. ஆறு, ஏழு வாரத்தில் பார்த்தால் கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். அதற்குப் பிறகு கரு இருக்கும் பை பெரிதாகி மேலே, வெற்றிடத்தை நோக்கி வளர்ந்துவிடும். வேர் தழும்பிலேயே இருக்கும், ஆனால் படத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். மூன்றாம் மாதத்தில் முதல் ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. எனக்கு லேசாகப் பட்டதே ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஸ்கேன் கதிர் கருவுக்கு ஆகாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அது ஒலி அலை, எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. உள் ஸ்கேனால் கரு கலையாது என்றும் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

அடுத்து வந்ததுதான் கொடுமையான பகுதி. துடிப்பு இருக்கும் கருவை நிறுத்த வேண்டும் என்றார்கள்.

என் கணவர் முதலில் கேட்டது, "மேலே நகர்த்தி வைக்க முடியாதா டாக்டர்?" முடியாது. ஒட்டிய கருவைப் பிரித்து வேறு இடத்தில் வைக்க எந்த வழியும் கிடையாது. அத்தை, "துடிக்கிற உசுரை எப்படிம்மா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். பெரிய டாக்டர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் கர்ப்பப்பையை வரைந்து, தையல் இருந்த இடத்தில் பேனாவை வைத்துக் காட்டினார். இந்தக் கர்ப்பத்தைத் தொடர்ந்து உயிருள்ள குழந்தையைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அப்படித் தொடர்ந்தால் நஞ்சுக்கொடி தழும்புக்குள் ஊடுருவும் வாய்ப்பு மிக அதிகம். எந்த மாதத்திலும் கர்ப்பப்பை கிழியலாம். எல்லாம் தாண்டி வந்தாலும் 34, 35 வாரத்தில் பெரிய ஆபரேஷன், பாட்டில் பாட்டிலாக ரத்தம், பெரும்பாலும் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்டு 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது என்றார். அத்தை அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் மருமக எனக்கு வேணும். செய்யுங்க" என்றார்.

முடிவு உங்களுடையது, உங்கள் குடும்பத்தினுடையது. நான் சொல்ல வருவது, முடிவெடுக்கும்போது முழு விவரமும் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். சட்டத்தைப் பொறுத்தவரை, 18 வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்கு அவளுடைய சம்மதம் போதும். கணவர் கையெழுத்தை மருத்துவமனை கேட்கலாம், ஆனால் அவர் ஊரில் இல்லை என்பதற்காகச் சிகிச்சை தள்ளிப்போகத் தேவையில்லை.

சிகிச்சை எல்லோருக்கும் ஒன்று கிடையாது. கரு உள்ளே, கர்ப்பப்பையின் வெற்றிடத்தைப் பார்த்து வளர்கிறதா, வெளியே மூத்திரப்பையைப் பார்த்து வளர்கிறதா, நடுவில் எவ்வளவு சதை மிச்சம், எத்தனை வாரம், ரத்தம் போகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். எனக்கு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கரு இருந்த பைக்குள் செலுத்தி, துடிப்பை நிறுத்திவிட்டு, அங்கேயே கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைப் போட்டார்கள். மயக்கம் கொடுத்துச் செய்ததால் வலி தெரியவில்லை. கையில் மட்டும் இந்த ஊசியைப் போட்டு அனுப்புவது தழும்புக் கருவுக்குப் போதாது என்பதைக் கவனத்தில் வையுங்கள். குழாய்க் கருவுக்குச் சிலருக்கு அது பலிக்கும் என்பதால் குழப்பம் வருகிறது. என் அடுத்த படுக்கையில் இருந்த அக்காவுக்குக் கரு மூத்திரப்பைப் பக்கம் புடைத்திருந்தது. அவருக்கு வயிற்றில் துளை போட்டு, கருவையும் பழைய தழும்பையும் சேர்த்து வெட்டி எடுத்து, புதிதாகத் தைத்தார்கள். இன்னும் சிலருக்கு ஸ்கேனில் பார்த்தபடியே உறிஞ்சி எடுப்பார்கள், கூடவே ரத்தத்தை அடக்க உள்ளே பலூன் வைத்து ஊதுவார்கள். பார்க்காமல் சுரண்டுவதுதான் ஆபத்து.

அந்த ஆபத்து எப்படி இருக்கும் என்று அங்கேயே பார்த்தேன். நான் இருந்த இரண்டாம் நாள் ராத்திரி ஒரு பெண்ணை 108-ல் கொண்டுவந்தார்கள். வேறு ஊரில் கருச்சிதைவு என்று நினைத்து டி அண்ட் சி செய்திருக்கிறார்கள், ரத்தம் நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் விரிப்பு முழுதும் நனைந்து, சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கோடு விழுந்திருந்தது. யூரின் டியூபில் இருக்கும் பலூனைக் கர்ப்பப்பைக்குள் வைத்து ஊதி, அடுத்தடுத்து ரத்தம் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். விடிகாலையில் அவருடைய அம்மா தாழ்வாரத்தில் என்னிடம், "நீ எப்படிம்மா முன்னாடியே கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். ஒரு ஸ்கேன், ஒரு போன். எனக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

ஊசி போட்டதோடு முடிந்துவிடும் என்று நினைத்தால், அதற்குப் பிறகுதான் நீண்ட காத்திருப்பு. வாரா வாரம் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும். எனக்கு அது 30,000-க்கு மேல் இருந்தது. முதல் வாரம் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறியது. அப்படி ஏறலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தப்பித்தேன். எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் வரை, அதாவது கர்ப்பம் இல்லாத பெண்ணின் அளவுக்கு வரும் வரை, பார்த்தே ஆக வேண்டும். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்கேனில் தெரிந்த கட்டி கரைய அதைவிடக் கூடுதல் நாள் பிடித்தது. சில பெண்கள் எண் பாதியானதும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று நர்ஸ் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எண் குறைந்துகொண்டிருக்கும்போதும் திடீரென்று ரத்தம் கொட்டலாம்.

அந்த நாட்களில் உதவியவற்றைச் சொல்கிறேன். கரூருக்குத் திரும்பாமல் முதல் சில வாரம் கோவையில் சித்தி வீட்டிலேயே தங்கினேன். ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கொட்டினால், ஸ்கேனும் ரத்த வங்கியும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள இடத்துக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடாகியிருந்தது. என் போனின் முகப்புப் படமாகவே ஒரு குறிப்பை வைத்துக்கொண்டேன்: "பழைய சிசேரியன் தழும்பில் கரு. டி அண்ட் சி செய்ய வேண்டாம். ரத்த வகை பி பாசிட்டிவ்." கீழே டாக்டர் நம்பர். நான் மயங்கி விழுந்தாலும் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கப் போடும் ஆன்ட்டி-டி ஊசி வேண்டுமா என்று மறக்காமல் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் நாப்கின் நனைந்தால், தலை சுற்றினால், தோள்பட்டையிலோ வயிற்றிலோ சுரீரென்று வலி எடுத்தால், காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதே ஃபோலிக் அமிலத்தைத் தடுத்துத்தான். அதனால் கர்ப்பத்துக்காகச் சாப்பிட ஆரம்பித்த ஃபோலிக் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நமக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் சேர்ந்தே இருக்கிறது. ரத்தம் போயிருக்கிறதே, இரும்பு மாத்திரை சாப்பிடட்டும் என்று அத்தை அன்போடு அதை எடுத்துக் கொடுத்தார். அட்டையைத் திருப்பிப் படித்த பிறகுதான் தெரிந்தது. வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போடக்கூடாது; பாராசிட்டமால் போதும். வெயில் படாமல் இருப்பதும், டாக்டர் சொல்லும் வரை தாம்பத்தியத்தைத் தவிர்ப்பதும் அதே அளவு அவசியம்.

வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பைக் கேட்டு வாங்குங்கள். பேறுகால விடுப்பு பிரசவத்துக்கு மட்டும் என்றே பல அலுவலகங்களில் நினைக்கிறார்கள். கருச்சிதைவுக்கும் மருத்துவக் கருக்கலைப்புக்கும் ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் கொடுத்தால் போதும்.

வீட்டிலும் தெருவிலும் காரணம் தேடுவார்கள். சிசேரியனுக்குப் பிறகு பத்தியம் இருக்கவில்லை, தண்ணீர்க் குடம் தூக்கினாள், வண்டி ஓட்டினாள், வேலைக்குச் சீக்கிரம் போனாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். தழும்பு உள்ளே எப்படிச் சேர்கிறது என்பதற்கும் நான் குடம் தூக்கியதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். இதைப் படிக்கும் யாராவது அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தால், உங்களுக்காக இதை இன்னொரு முறை எழுதுகிறேன்: நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. அழ வேண்டும் என்றால் அழுங்கள். ஏழு வாரக் கருவுக்கு என்ன இவ்வளவு துக்கம் என்று யாரும் கேட்க விடாதீர்கள். எனக்கு அந்தத் துடித்த புள்ளி வெகுநாள் கண்ணிலேயே நின்றது. என் கணவரிடம்கூட அதைப் பற்றிப் பேச எனக்குப் பல வாரம் ஆயிற்று. பேசிய பிறகுதான் அவருக்கும் அது அப்படியே இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். முதல் சிசேரியனின் டிஸ்சார்ஜ் சம்மரி, எதற்காக ஆபரேஷன், எந்த வாரத்தில், கர்ப்பப்பையை எப்படி வெட்டித் தைத்தார்கள் என்ற குறிப்பு, இப்போது எடுத்த ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். என்னுடைய முதல் சம்மரி வீட்டில் கிடைக்காமல் கணவர் அந்த மருத்துவமனைக்கே போய் நகல் வாங்கி வந்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கரு இருக்கும் இடம், தழும்பிலிருந்து தூரம், மூத்திரப்பைக்கும் கருவுக்கும் நடுவில் உள்ள சதையின் அளவு, துடிப்பு, ரத்த ஓட்டம் ஆகியவை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "கரு தாழ்வாக உள்ளது" என்ற ஒற்றை வரியோடு சிசேரியன் ஆன பெண் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

இன்னொரு குழந்தை பற்றிக் கேட்டோம். தழும்புக் கரு வந்தவர்களுக்கு மறுபடியும் அப்படி வர வாய்ப்பு உண்டு. பிறகு நல்லபடியாகக் கர்ப்பமாகிப் பெற்றவர்களும் நிறையப் பேர். மெத்தோட்ரெக்ஸேட் போட்டதால் குறைந்தது மூன்று மாதம் கரு தரிக்கக் கூடாது. என் விஷயத்தில் ஒரு வருடமாவது போகட்டும் என்றார் டாக்டர். அதுவரை கருத்தடையை நாள் கணக்கு பார்த்துச் சமாளிக்காமல் உறுதியான ஒரு முறையில் செய்துகொள்ளச் சொன்னார். கட்டி முழுதாகக் கரைந்த பிறகு உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு ஒரு ஸ்கேன் பார்த்தார்கள். பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் சதையின் அளவை வைத்து, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பு அதைத் தைத்துச் சரிசெய்ய வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்கிறார். நாங்கள் இன்னும் எதையும் தீர்மானிக்கவில்லை. வேண்டும் என்று முடிவெடுத்தால், கார்டில் கோடு வந்த அன்றே போன் செய்ய வேண்டும், ஆறாவது வாரம் ஸ்கேன், அடுத்த வாரம் இன்னொன்று என்று இப்போதே ஃபைலின் முதல் பக்கத்தில் அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்.